மெருகு போட்ட ஐம்பது சதம்

அத்தியாயம் பதினான்கு

தரம் பார்த்துப் புள்ளி போட அமெரிக்காவுக்குப் போன ஆறு காசுகளில் ஐந்து, புள்ளி அச்சடித்த கெட்டிப் பெட்டிகளுக்குள் பத்திரமாகத் திரும்பி வந்தன. ஆறாவது வெறும் பொலித்தீன் பையில் வந்தது. கூடவே ஒரு துண்டு. 'நிறம் இயல்பானதல்ல. புள்ளி இல்லை.'

அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் பிறிஜெற் போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் எழுந்து நின்றாள். பழைய காசு சேர்ப்பவர்களின் நாணய வட்டத்தில் அன்றைக்குப் பதினாறு பேர் இருந்தார்கள். ஷரீப் நானா நிறம் ஏற்றிய காசை விற்றுவிட்டார் என்று அவர்கள் முன்னால் சொன்னாள். ஷரீப் ஒன்றும் பேசவில்லை. மேசையில் பரப்பியிருந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இருபத்திரண்டு வருடம் அவர் இருந்த மேசை.

கிழமை முழுக்க அவளை உறுத்தியது அந்த மௌனம்தான். பொய் பிடிபட்ட வியாபாரி சத்தம் போடுவான். சத்தியம் செய்வான். இவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்று மறுபடியும் சனிக்கிழமை. நாலு மணிக்கு வட்டம் கூடும். அதற்கு முன் கிராண்ட்பாஸுக்குப் போய் அவரை நேருக்கு நேர் கேட்பது என்று முடிவெடுத்திருந்தாள்.

"காசு குடுத்துக் காசு வாங்கிற ஆக்களை நான் இந்த வீட்டிலைதான் கண்டன்," என்றாள் புளோறன்ஸ், பாணை வெட்டியபடி. புருஷன் றேமண்டின் அக்கா. நாலு வருடமாக அவர்களோடு இருக்கிறாள். நாலு வருடமாக இந்தப் பகிடியைச் சொல்லுகிறாள்.

"நேரமாகுது மச்சாள். தேத்தண்ணி போதும்."

"அந்தக் காசுக்கு ஒரு கிழமைக்கு இறைச்சி வாங்கியிருக்கலாம்."

"இறைச்சி வாங்கினால் அண்டைக்கே முடிஞ்சிடும்."

றேமண்ட் சம்பலைத் தொட்ட பாண் துண்டைக் கையிலேயே வைத்திருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இரண்டு சனிக்கு ஒரு சனி லீவு.

"விடு பிறிஜெற். ஒரு காசுதானே."

"காசு போனால் போகுது. அவர் என்னை ஏமாத்தினவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரிய வேணும்."

"அப்ப நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன். நீ ஏன் வெயிலுக்குள்ளை."

"எட்டு மணிக்கு என்ன வெயில்?"

அவன் பாணைக் கோப்பையில் வைத்துவிட்டான். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஷரீபின் கடைக்கு மணிக்கூடு திருத்துமிடம் என்றுதான் பலகை. காசு எல்லாம் உள்ளறையில். முன்னால் அவருடைய மகள் ஹமீமா இருந்தாள். வழக்கமாக 'வாங்க ஆன்டி' என்று எழும்பி வருகிறவள்.

"வாப்பா உள்ளுக்கு ஈக்கிறார்," என்றாள். 'ஆன்டி' சேர்க்கவில்லை.

ஷரீப் கண்ணில் சின்னக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இரிங்க தங்கச்சி."

அவள் இருக்கவில்லை. பொலித்தீன் பையை மேசையில் வைத்தாள்.

"இதைத் திருப்பித் தர வந்தனான். காசு வேண்டாம். ஏன் எனக்கு இதைச் செய்தனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

ஷரீப் பையைப் பார்த்தார். தொடவில்லை.

"கடதாசி எங்க?"

"என்ன கடதாசி?"

"என்ட கடதாசி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஷரீப் எந்தக் காசையும் வெறுமனே கொடுக்கமாட்டார். வெள்ளைத் தாளை நாலாக மடித்து, காசை உள்ளே வைத்து, வெளியே பென்சிலால் ஒரு சொல் எழுதுவார். மூன்றே மூன்று சொல். வெள்ளை. புகை. மயில்கழுத்து. நிறமேறாத காசு வெள்ளை. மங்கிக் கறுத்தது புகை. நூறு வருடம் எங்கோ ஒரு பெட்டிக்குள் கிடந்து, காற்றும் தாளும் துணியும் சேர்ந்து, பொன்னும் ஊதாவும் நீலமுமாகப் படிந்த காசு மயில்கழுத்து. பிறிஜெற் சேர்ப்பது அதை மட்டும்தான். அவளிடம் இருக்கும் பத்தொன்பது காசுகளுக்கும் பத்தொன்பது தாள்கள் இருக்கின்றன.

இதற்கு இல்லை. இது வந்தது ஒரு மோதிரப் பெட்டியில்.

"இது அவர் வாங்கித் தந்தது நானா. கலியாணம் கட்டி இருபத்தைஞ்சு வருசம் எண்டு. தையிலை."

"தெரியும். இங்கதான் வாங்கினார். எட்வேர்ட் ராசா, ஆயிரத்துத் தொளாயிரத்தி மூணு, அம்பது சதம். ராசாட காதுக்குப் பின்னுக்கு நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் ஈக்கும்."

இருந்தது. அந்தக் கீறல் அவளுக்கு மனப்பாடம்.

"அப்ப இது நீங்கள் வித்த காசுதான்."

"காசு நான் வித்தது. நெறம் நான் விக்கல்ல." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மயில்கழுத்து ஒண்டு வேணுமெண்டு கேட்டார். அந்த நேரம் என்னட்ட இல்ல. வெள்ளதான் ஈந்திச்சு. பால் மாதிரி. அதக் கடதாசில மடிச்சு, வெள்ள எண்டு எழுதிக் குடுத்தேன்."

வெளியே ஒரு மணிக்கூடு அரை மணி அடித்தது. அதற்குப் பின்னால் வேறு இரண்டு, பிந்தி அடித்தன.

"போன கிழமை ஏன் இதைச் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்ற?" முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் ஏறியது. "நான் செய்யல்ல எண்டு சொன்னா மிச்சம் ரெண்டு பேர். ஒண்டு நீங்க. மத்தது ஒங்கட புருஷன். பதினாறு பேருக்கு முன்னால எந்தப் பேரச் சொல்லச் சொல்றீங்க?"

அவள் கதிரையை இழுத்து இருந்தாள்.

மேசை விளக்கைக் கிட்ட இழுத்தாள். அவருடைய கண்ணாடியையே எடுத்தாள். காசின் மேல் பிடித்தாள்.

தானாக ஏறும் நிறம் விளிம்பில் தொடங்கி உள்ளே நகரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். ஒன்று வந்த பிறகுதான் மற்றது வரும். எழுத்துகளின் ஓரத்தில் நின்று, தயங்கி, சுற்றிப் போகும். வட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது அவள்தான்.

இதில் நீலம் நடுவில் இருந்தது. ராசாவின் கன்னத்தில் தொடங்கி, எழுத்துகளின் மேலே ஏறி, தயங்காமல் மறுபக்கம் இறங்கியது. நீலம் முடிந்த இடத்தில் மஞ்சள் இல்லை. வெள்ளை.

கண்ணாடியை வைத்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார் ஷரீப்.

"இல்லை நானா. நான் வீட்டை போக வேணும்."

"போய்க் கேளுங்க. கேட்டுட்டு என்ன செய்ற எண்டு நீங்களே பாத்துக்குங்க." அவர் மறுபடியும் கைக்கடிகாரத்தை எடுத்தார். "நான் ஒண்டும் கேக்க மாட்டேன்."

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது றேமண்ட் மேசை விசிறியைக் கழற்றிப் பேப்பரில் பரப்பியிருந்தான். நல்ல விசிறி. காலையில் ஓடிக்கொண்டிருந்தது.

"காசை என்ன செய்தனீங்கள்?"

"எந்தக் காசு?"

"இஞ்சை பாருங்கோ."

பார்த்தான். கையிலிருந்த திருகாணியைப் பேப்பரில் வைத்தான்.

"மெருகு போட்டனான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மெருகு அவளுக்குத் தெரிந்த சொல்தான். சங்கிலிக்கு மெருகு. காப்புக்கு மெருகு. நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் கொட்டாஞ்சேனைப் பெண்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போவது மெருகுக்குத்தான். அந்தச் சொல் ஒரு காசின் பக்கத்தில் வந்து நிற்கும் என்று அவள் நினைத்ததேயில்லை.

"தட்டார் செல்லையாட்டையோ?"

"வேறை ஆரிட்டை? உன்ரை தாலிக்கொடிக்கும் அவர்தானே போடுறவர்."

"ஏன்?"

"ஷரீப் தந்தது வெளிறிப்போய்க் கிடந்தது. பஸ்ஸிலை மிச்சம் தாற காசு மாதிரி. நீ எப்பவும் மயில்கழுத்து மயில்கழுத்து எண்டு சொல்லுவாய். செல்லையாட்டைக் கேட்டன். அது லேசு, கெந்தகத் தண்ணியும் கொஞ்சம் சூடும் காட்டினால் வரும் எண்டார். ரெண்டு நாளிலை தந்தார்."

குசினிக்குள்ளிருந்து புளோறன்ஸின் குரல் வந்தது.

"நான்தான் போடச் சொன்னனான். இருபத்தைஞ்சு வருசத்துக்கு ஒரு வெளிறின காசையோ குடுக்கிறது? மெருகு போடாமல் பொம்பிளைக்கு ஆரும் சாமான் குடுப்பினமோ?"

"மச்சாள், நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

"நான் பேசாமல்தான் இருந்தனான். ஏழு மாசம்."

பிறிஜெற் புருஷனைப் பார்த்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை." பிறகு மெதுவாகச் சொன்னான். "பெட்டியைத் திறந்தவுடனை நீ சிரிச்சாய். அதுக்குப் பிறகு என்னெண்டு சொல்றது?"

"அமெரிக்காவுக்கு அனுப்பேக்கை?"

"நல்ல மெருகெண்டால் கூடப் புள்ளி போடுவினம் எண்டு நினைச்சன்."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். கடல் தாண்டி, முத்திரை குத்தி, கண்ணாடி வைத்து, எழுபது புள்ளிக்கு எத்தனை என்று கணக்குப் பார்க்கிறவர்கள், செல்லையாவின் கெந்தகத் தண்ணிக்கு இரண்டு புள்ளி கூடப் போடுவார்கள் என்று ஒருவன் காத்திருந்தான்.

"போன சனிக்கிழமை வந்து, ஷரீப் நானாவைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு வாறன் எண்டு சொன்னன். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்து சோறு சாப்பிட்டீங்கள்."

"ஓம்."

"ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டீங்கள்."

அவன் தலையைக் குனிந்து விசிறித் தகட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

"இண்டைக்குப் போய்ச் சொல்லப்போறன்," என்றாள்.

"சொல்லு. உன்ரை கண் பிழைச்சுப்போச்செண்டு சொல்லு. காசு நல்லது, அமெரிக்காக்காரன் விசரன் எண்டு சொல்லு. என்னத்தையெண்டாலும் சொல்லு. என்ரை பேரை மட்டும் விடு பிறிஜெற். உங்கடை வட்டத்து ஹெக்டரின்ரை மச்சான் எங்கடை செக்‌ஷன். திங்கட்கிழமை ஹாபர் முழுக்கச் சிரிக்கும். பெஞ்சாதிக்குக் காசை அவிச்சுக் குடுத்தவன் எண்டு."

"உங்களைப் பாத்துச் சிரிப்பினம். ஓம். ஷரீப் நானாவைப் பாத்து ஒருத்தரும் சிரிக்கேல்லை. முகத்தைத் திருப்பினவை."

அவன் விசிறித் தகட்டைப் பேப்பரில் வைத்தான்.

"அரைவாசியைச் சொன்னால் அவருக்கு அரைவாசிப் பேர்தான் திரும்பும்," என்றாள்.

இரண்டு மணிக்கு அவள் வெளிக்கிட்டபோது புளோறன்ஸ் குசினி வாசலில் வந்து நின்றாள். கையில் அகப்பை.

"சாப்பிட்டிட்டுப் போவன்."

"வந்து சாப்பிடுறன் மச்சாள்."

புறக்கோட்டையில் நூற்றியோராம் பஸ் பிடித்தாள். கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்கு முன்னம் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். ஆண்கள் வலம், பெண்கள் இடம். அடையாள அட்டையை விரலுக்கிடையில் பிடித்திருந்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருப்பதால் எப்போதும் இன்னும் இரண்டு கேள்வி கூட வரும். ஆறு மாதக் குழந்தையாக அங்கிருந்து தூக்கிக்கொண்டு வரப்பட்டவள். அது அட்டையில் இல்லை.

பெண்களைப் பார்க்க ஒரு பொலிஸ்காரி நின்றாள். பைக்குள் கையை விட்டு, பொலித்தீனை எடுத்தாள்.

"மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

"பரண சல்லி," என்றாள் பிறிஜெற். பழைய காசு.

பொலிஸ்காரி காசை வெளியே எடுத்தாள். பெருவிரலை ராசாவின் முகத்தில் அழுத்திப் பிடித்து வெயிலில் திருப்பினாள். வேறு ஒரு நாள் என்றால் பிறிஜெற் அவள் தோளில் தொங்கிய துப்பாக்கியையும் மறந்து கத்தியிருப்பாள். விளிம்பில் பிடி, முகத்தில் தொடாதே என்று. இன்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீலம் வெயிலில் பற்றி எரிந்தது.

"லஸ்ஸனய்," என்றாள் பொலிஸ்காரி.

அழகுதான். அழகில்லை என்று அமெரிக்காக்காரனும் சொல்லவில்லை. இயல்பில்லை என்றுதான் சொன்னான்.

எங்கே போகிறாய் என்று கேட்டாள். வெள்ளவத்தைக்கு. ஏன்? ஒரு பிழையைத் திருத்த வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னாள் பிறிஜெற். பொலிஸ்காரி அவளை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு காசைப் பைக்குள் போட்டு, பையை மூடி, தானே கையில் கொடுத்தாள்.

வட்டம் கூடுவது அதன் தலைவர் சவுந்தரநாயகம் மாஸ்டரின் வீட்டு முன்மண்டபத்தில். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு. பின்னால் றெயில் பாதை, அதற்குப் பின்னால் கடல். றெயில் போகும்போது எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

பதினாலு பேர் வந்திருந்தார்கள். யன்னலோர மேசை வெறுமையாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. ஷரீபின் இடத்தில் ஹெக்டர் தன் காசுகளைப் பரப்பியிருந்தார். டிக்கற் ஏஜன்சி வைத்திருக்கிறவர். எப்போதும் இஸ்திரி போட்ட சேட்டு.

"வாங்கோ மிஸிஸ் றேமண்ட்," என்றார். "இஞ்சை காத்து நல்லா வருது. இத்தனை வருசம் அந்த மனுசன் ஏன் இடத்தை விடேல்லை எண்டு இப்பதான் விளங்குது."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறிஜெற் நடுவில் போய் நின்றாள். காசை மாஸ்டரின் முன்னால் வைத்தாள்.

"போன கிழமை நான் சொன்னது பிழை," என்றாள். "ஷரீப் நானா வித்தது வெள்ளைக் காசு. வெள்ளை எண்டு எழுதித்தான் வித்தவர். என்ரை அவர் அதைச் செட்டியார் தெருவிலை குடுத்து மெருகு போட்டவர்."

"என்னது?"

"மெருகு, மாஸ்டர். சங்கிலிக்குப் போடுற மாதிரி."

சிரிப்பு வந்தது. றேமண்ட் பயந்த அதே சிரிப்பு. அது அடங்கும்வரை அவள் நின்றாள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினார்.

"ஒரு கேள்வி. அமெரிக்காவுக்கு அனுப்ப முதல் மூண்டு மாசம் இது உங்கடை கையிலை இருந்தது. வட்டத்திலை கைமாறுற ஒவ்வொரு காசையும் பாத்து, இயல்பு, இயல்பில்லை எண்டு சீட்டு எழுதிறது நீங்கள். இது உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதில் செய்து வைத்திருந்தாள். வீட்டில் வெளிச்சம் போதாது. மின்வெட்டு. ஒஃபிஸில் வேலை கூட. எல்லாமே உண்மைதான்.

"கண்ணாடி வைச்சுப் பாக்கேல்லை," என்றாள்.

"மற்ற எல்லாத்தையும் பாத்தீங்களே."

"ஓம்."

"அப்ப இதை ஏன் பாக்கேல்லை?"

"அவர் தந்தது."

றெயில் வந்தது. யன்னல் கம்பிகள் அதிர்ந்தன. றெயில் போன பிறகும் ஒருவரும் தொடங்கவில்லை.

கடைசியில் மாஸ்டர்தான் தொண்டையைச் செருமினார்.

"பிரச்சினை என்னெண்டால், கடிதம் போயிட்டுது."

"என்ன கடிதம்?"

"வட்டத்தின்ரை கடிதம். ஷரீபிட்டை வாங்க வேண்டாம் எண்டு. வியாழக்கிழமை தபாலிலை போட்டிட்டம். மட்டக்களப்பு, காத்தான்குடி, சென்னை, ரொறன்ரோ. நாப்பத்திரண்டு பேருக்கு."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்டு போடுங்கோ."

"அது வட்டத்துக்கே மானக்கேடு," என்றார் ஹெக்டர். "ஒரு கிழமைக்குள்ளை மாத்திக் கதைச்சால் நாளைக்கு எங்கடை சீட்டை ஆர் நம்புவினம்? அந்த ஆளுக்கு மெதுவா வாய்ச்சொல்லாச் சொல்லுவம்."

"கெடுத்தது கடிதத்திலை. திருத்திறதும் கடிதத்திலைதான்."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"கடிதம் போட்டால் காரணம் எழுத வேணும். காரணம் எழுதினால் நீங்கள் இனிக் காசு பாக்க ஏலாது. உங்கடை கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. ஆறு வருசம் செய்தனீங்கள்."

"சரி."

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சரி எண்டு சொன்னனான், மாஸ்டர். மெசின் எங்கை?"

மாஸ்டரின் தமிழ்த் தட்டச்சு மெசின் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. பிறிஜெற் கப்பல் கம்பனி ஒன்றில் இருபது வருடமாகத் தட்டச்சு அடிக்கிறவள். வட்டத்தின் பெயர் அச்சிட்ட தாளோடு நாலு காபன் தாளை அடுக்கினாள். ஒருதரம் அடித்தால் ஐந்து பிரதி. ஒன்பதுதரம் அடிக்க வேண்டும். முதலாவதைச் செருகினாள்.

'எமது முந்திய கடிதம் தவறானது. திரு. ஷரீப் அவர்கள் விற்ற நாணயம் நிறமேறாதது. அவ்வாறே குறித்து விற்கப்பட்டது. பின்னர் அதற்கு நிறம் ஏற்றியவர் எனது கணவர்'

அந்த இடத்தில் விரல் நின்றது. வாயால் சொல்லுவது வேறு. மட்டக்களப்பிலும் ரொறன்ரோவிலும் தாளில் கிடப்பது வேறு.

"பேர் போடேல்லையோ?"

றேமண்ட் பின்னால் நின்றான். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக அங்கே நின்று வாசித்தான் என்று தெரியவில்லை.

"சபையிலை சொல்லிப்போட்டன்," என்றாள். "கடிதத்திலை கட்டாயம் வேணுமெண்டில்லை."

"பேர் இல்லாட்டி ஆரோ செய்ததெண்டு நினைப்பினம். போடு." குனிந்து தாளைப் பார்த்தான். "பெரிய றானா."

"எனக்குத் தெரியும் உங்கடை பேர்."

"பாங்கிலை ஒவ்வொருமுறையும் சின்ன ரானா போடுறாங்கள். அதுதான்."

அவள் அடித்தாள். றேமண்ட். பெரிய றானா. ஐந்து பிரதியிலும் விழும்படி அழுத்தி அடித்தாள்.

அவனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. யாரும் அவனோடு பேசவும் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் பசாரில் பொம்மைக் கடை பார்க்கிறவனைப்போல் மேசை மேசையாக நடந்தான். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவன் இந்த மண்டபத்துக்குள் வந்திருக்கிறான். வாங்கோ என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறாள். பழைய இரும்பைப் பார்க்கவா என்று கேட்பான்.

யன்னலோர மேசையில் நின்றான்.

"இது செல்லையான்ரை வேலைதானே?" என்று கேட்டான்.

வெளியூரில் சொந்தக்காரனைக் கண்டவனின் சந்தோசம் அந்தக் குரலில் இருந்தது.

ஹெக்டர் நிமிர்ந்தார். "எது?"

"இந்தக் காசுதான். மகாராணி. மூக்கிலை இப்பிடி ஒரு வெட்டு இருக்கு, பாருங்கோ. நான் என்ரை காசைக் குடுக்கப் போன அண்டைக்கு இது அங்கை துணியிலை காய்ஞ்சுகொண்டு கிடந்தது. எனக்கு மயில்கழுத்தெண்டால் என்னெண்டே தெரியாது. இதைக் காட்டித்தான் செல்லையாட்டைச் சொன்னனான், எனக்கும் இதுமாதிரிப் போட்டுத் தாங்கோ எண்டு."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

எல்லாரும் ஹெக்டரின் மேசைப் பக்கம் திரும்பினார்கள். றேமண்ட் சுற்றிப் பார்த்தான். தான் என்ன பிழையாகச் சொன்னேன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"நல்ல வேலைதானே?" என்றான்.

ஹெக்டரின் கை காசின் மேல் வந்து மூடியது. இஸ்திரி போட்ட சேட்டின் கை. மற்றக் கை சீட்டை எடுத்தது.

பிறிஜெற் எழுந்தாள். மேசைக்குப் போனாள். கையை நீட்டினாள்.

"அந்தக் காசைத் தாங்கோ, ஹெக்டர்."

"இதுக்குச் சீட்டு இருக்கு, மிஸிஸ் றேமண்ட்," என்றார் ஹெக்டர் மெதுவாக. "இயல்பு எண்டு எழுதியிருக்கு. கையெழுத்து உங்கடை."

"தெரியும்," என்றாள் பிறிஜெற். "தாங்கோ."